கம்பளம் கழுவ ஒரு படிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செந்தூலில் இருந்து எழுதுகிறேன். 1999-இல் இருந்து கம்பளம் கழுவும் வேலை பார்க்கிறேன். முதலில் ஜாலான் சுல்தான் இஸ்மாயில் பக்கம் ஒரு ஹோட்டலில், துப்புரவுக் குத்தகைக் கம்பெனியின் ஆளாக. இப்போது சொந்தமாக ஒரு வேன், இரண்டு மெஷின், கூடமாட இரண்டு பெண்கள். உங்கள் பத்திரிகையைத் தினமும் வாசிக்கிறவள்தான், ஆனால் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் என் அக்கா வீட்டில் நடந்த ஒரு பேச்சுதான் என்னை எழுத வைத்தது.

அக்கா மகன் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். படிப்பில் சுமார், கை வேலையில் கெட்டிக்காரன். பள்ளி விடுமுறையில் என்னோடு இரண்டு மூன்று வேலைக்கு வந்தான். பிடித்துப் போய்விட்டது. “சின்னம்மா, நானும் இதே தொழிலைச் செய்யறேன்” என்றான். கையில் ஒரு விளம்பரத் தாள் வைத்திருந்தான். ஏதோ ஒரு தனியார் பயிற்சி நிலையம். கம்பளம், சோபா, மெத்தை சுத்தம் செய்ய ஆறு மாதப் படிப்பு, கட்டணம் 6,800 வெள்ளி (ரிங்கிட்), கடனுக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “கம்பளம் கழுவறதுக்கு ஒரு படிப்பாடி? வீட்டுல துணி துவைக்க யாரு சர்டிபிகேட் கேட்டா?” என்றாள். அத்தான் அதற்கு நேர் எதிர். சர்டிபிகேட் என்று ஒன்று கையில் கிடைக்குமென்றால் கடனை வாங்கியாவது சேர்த்துவிட வேண்டும் என்றார். பேச்சு சூடாகிவிட்டது. நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. திவெட் என்னும் தொழில்நுட்பக் கல்வி, கைத்தொழில் பயிற்சி என்ற பேச்சு இப்போது நம்மவர் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. இதே சண்டை இன்னும் எத்தனை வீட்டில் நடக்கிறதோ. அதனால் அன்றைக்குச் சொல்லாமல் வந்ததை இங்கே சொல்கிறேன்.

அக்காவுக்கு என் பதில் ஒரு மஞ்சள் கறை.

2004-இல் மோண்ட் கியாராவில் ஒரு கொண்டோமினியம் வீடு. நம்மவர்கள்தான். புதுமனை புகுவிழா முடிந்த மறுநாள் கம்பெனி என்னை அங்கே அனுப்பியது. வரவேற்பறையில் தந்த நிறத்தில் ஒரு கம்பளி விரிப்பு, பன்னிரண்டுக்கு ஒன்பது அடி. வீட்டுக்காரம்மாவுக்கு அவர் மாமியார் வாங்கிக் கொடுத்தது. ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் தண்ணீர் சிந்திக் காய்ந்திருந்தது. எனக்கு அப்போது ஐந்து வருஷ அனுபவம். ஹோட்டல் நடைபாதைகளை ராத்திரி ராத்திரியாகக் கழுவியவள். இது என்ன பெரிய விஷயம் என்று வழக்கமான ஷாம்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து ஊற்றி, பிரஷ் போட்டேன்.

என் கண் முன்னாலேயே மஞ்சள் சிவந்தது. பிரஷ் பட்ட இடமெல்லாம் குங்குமம் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோய் இன்னும் ஷாம்பு ஊற்றினேன், இன்னும் தேய்த்தேன். உள்ளங்கை அளவு இருந்த கறை தாம்பாள அளவுக்குப் பரவியது. அந்த அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டவில்லை. “வேணாம்மா, விட்டுடுங்க” என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கம்பெனி அவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, என் சம்பளத்தில் மாதம் 100 வெள்ளி என்று ஆறு மாதம் பிடித்தது.

ஐயா, எனக்கு ஆலாத்தி கரைக்கத் தெரியும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டில் எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த எத்தனையோ பெண்களுக்கு என் கையால் ஆலாத்தி எடுத்திருக்கிறேன். ஆனால் என் வாளியில் இருந்த ஷாம்பும் அந்தச் சுண்ணாம்பும் ஒரே குடும்பம் என்று ஐந்து வருஷத்தில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. சூப்பர்வைசருக்கும் தெரியாது. அவரும் என்னை மாதிரியே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

2011-இல், வேறொரு கம்பெனியில் இருந்தபோது, என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். ஐ.ஐ.சி.ஆர்.சி. என்று அமெரிக்காவில் ஓர் அமைப்பு இருக்கிறது. 1972-இல் தொடங்கியது. கம்பளம் கழுவுகிறவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் அடிப்படை வகுப்பு இரண்டே நாள், முடிவில் ஒரு பரீட்சை. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மலாயில் சொல்லிச் சொல்லிக் கொடுத்தான்.

முதல் நாள் மத்தியானம் அந்த மஞ்சள் கதையை வாத்தியாரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சமையல்கட்டில் இருந்து கொஞ்சம் மஞ்சள் தூளும் வினிகரும் வாங்கிவரச் சொன்னார். வெள்ளைக் கம்பளித் துண்டு ஒன்றில் மஞ்சளைக் கரைத்துத் தடவினார். ஷாம்பில் ஒரு சொட்டு வைத்தார், சிவந்தது. அதன்மேல் வினிகர் ஒரு சொட்டு வைத்தார். சிவப்பு அப்படியே பின்வாங்கி மறுபடியும் மஞ்சளானது. வகுப்பில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷம் மனசில் கிடந்த முடிச்சு அவிழ இரண்டு சொட்டுதான் தேவைப்பட்டது.

அப்புறம் அவர் விளக்கினார். எல்லாத் தண்ணீர் மருந்துக்கும் ஓர் எண் உண்டு, 0-இல் இருந்து 14 வரை. 7 நடு. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரத்தன்மை. மஞ்சளின் நிறம் 8-ஐ ஒட்டிச் சிவக்கத் தொடங்கும், புளிப்பு பட்டால் திரும்பும். மிச்சம் இருக்கும் மஞ்சளை வெயில் தின்றுவிடும். மஞ்சள் பட்ட துணியை நம் பாட்டிமார்கள் துவைத்து வெயிலில் போடுவது அதற்காகத்தான். கம்பளி ஆட்டு ரோமம், நம் தலைமுடி மாதிரி, அதற்குக் கடுமையான காரத்தன்மை ஆகாது. ஹோட்டல் நடைபாதையில் இருந்த நைலான் தாங்கிய ஷாம்பை மாமியார் வாங்கித் தந்த கம்பளி விரிப்பு தாங்காது.

ஆலாத்தியும் எனக்குத் தெரிந்திருந்தது, ஷாம்பும் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் காட்டியது அந்த வகுப்பு. அக்கா, இதுக்குத்தான் படிப்பு.

இன்னும் உண்டு. ஒரு விரிப்பு எதனால் ஆனது என்று ஒரு நூலை வைத்தே கண்டுபிடிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் இருந்து ஒரு நூலைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, நெருப்பில் காட்ட வேண்டும். கம்பளி என்றால் முடி கருகும் வாடை, விரலால் நசுக்கினால் சாம்பல். நைலான் என்றால் உருகிக் கட்டியான மணி. ஒரு டம்ளர் தண்ணீரில் நூலைப் போட்டு மிதந்தால் அது பாலிபுரோப்பிலீன், மற்றவை மூழ்கும். மிதக்கிற வகை எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். சமையலறை வாசலில் அதைப் போட்டவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் என் பையில் ஒரு லைட்டரும் ஒரு டம்ளரும் இருக்கும். மெஷினை இறக்குவதற்கு முன்னால் அதுதான் முதல் வேலை.

ஈரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கோலாலம்பூரில் பாதிச் சிக்கல் அதில்தான். வெந்நீரைப் பாய்ச்சி உறிஞ்சி எடுக்கும் முறை நல்ல முறை, ஆனால் உறிஞ்ச மறந்தால் கெட்டது. இங்கே காற்றிலேயே ஈரம் நிற்கிறது. ஆபீஸில் சாயங்காலம் ஏசியை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை. அடியில் சணல் வைத்துத் தைத்த விரிப்பு என்றால் சணலின் பழுப்பு நிறம் மெல்ல ஏறி மேலே வந்துவிடும். நாம் கழுவிய பிறகு அழுக்கானது போலத் தெரியும். ஒரு தடவை தண்ணீர் விட்டால் இரண்டு தடவை வெறுமனே உறிஞ்ச வேண்டும், புளோவர் போட்டுவிட்டு வர வேண்டும், ஏசியை நிறுத்தாதீர்கள் என்று பாதுகாவலரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். ஷாம்பை அதிகம் ஊற்றினால் நன்றாகப் போகும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சீயக்காயைச் சரியாக அலசாமல் விட்ட தலை என்ன ஆகும்? கம்பளமும் அதேதான். பிசுபிசுப்பு தங்கி, இரண்டே வாரத்தில் முன்னைவிடக் கறுப்பாக நிற்கும்.

பிளீச் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், ஹோட்டல் ஸ்டோர் அறையில், கழிவறைக்குப் போடும் ஆசிட் மிச்சம் இருந்த வாளியில் பிளீச்சை ஊற்றிவிட்டாள். கதவு சாத்தியிருந்தது. நாங்கள் போய் இழுத்து வெளியே போட்டபோது அவளால் மூச்சு விட முடியவில்லை. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டிலில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இதைச் சொல்லித்தரப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்காமல் ஒருத்தியை வேலைக்கு அனுப்புவது பாவம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் அத்தான் சொன்னதுதானே நியாயம், கடன் வாங்கிச் சேர்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இல்லை.

கணக்கைப் பாருங்கள். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் இருந்து 1,700 வெள்ளி. துப்புரவுக் கம்பெனியில் புதிதாகச் சேரும் பையனுக்கு, எனக்குத் தெரிந்தவரை, ஆறு மாதப் படிப்பு முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும் அதை ஒட்டித்தான் தருகிறார்கள். 6,800 வெள்ளி என்பது அவனுடைய நாலு மாதச் சம்பளம், ஒரு காசு சாப்பிடாமல் ஒதுக்கினால். படிக்கும் ஆறு மாதத்தில் வரவேண்டிய சம்பளமும் போகிறது. பதினெட்டு வயசில் அந்தக் கடன் எதற்கு?

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த இரண்டு நாள் வகுப்பில் எங்களோடு மூன்று பையன்கள் இருந்தார்கள். மெஷினைத் தொட்டே பார்த்ததில்லை. வாத்தியார் சொன்னதை எல்லாம் அழகாக எழுதிக்கொண்டார்கள், பரீட்சையும் எழுதிப் பாஸானார்கள். அதில் ஒருவன் பிறகு எங்கள் குழுவிலேயே வேலைக்கு வந்தான். முதல் நாள், ஒரு மீட்டிங் அறையில், குழாயை இழுக்கும் வேகம் தெரியாமல் ஒரே இடத்தில் தண்ணீரைக் கொட்டி, கம்பளம் தரையை விட்டு எழும்பிவிட்டது. அவன் மேல் குற்றமில்லை. அவன் படித்தது தலையில் உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அங்கே ஒவ்வொரு வரியும் உட்கார ஓர் இடம் இருந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் நான் ஏற்கெனவே ஒரு தடவை கெடுத்திருந்தேன்.

முழங்கை எந்தக் கோணத்தில் இருந்தால் முதுகு பிடிக்காது, விடியற்காலை ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் ஒரு விருந்து மண்டபத்தை எப்படி முடிப்பது, கறைக்குக் காரணம் கேட்டால் வெட்கப்படுகிற வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசி உண்மையை வாங்குவது, இதையெல்லாம் எந்த வகுப்பும் தராது. அதனால் என் அபிப்பிராயம் இதுதான்: முதலில் வேலை, ஆறு மாதம் ஒரு நல்ல கையின் பக்கத்தில். அப்புறம் வகுப்பு, சில நாட்கள். அதற்கப்புறம் மறுபடியும் வேலை.

இந்த வரிசைக்கு நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. பலருக்குத் தெரியவில்லை. மனிதவள அமைச்சின் கீழ் ஜே.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு இலாகா இருக்கிறது. எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் அவர்கள் தருவது, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி. மொத்தம் ஐந்து நிலைகள், முதல் மூன்று எஸ்.கே.எம்., மேல் இரண்டும் டிப்ளோமா. அதை வகுப்பில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்றில்லை. பல வருஷம் வேலை பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்துக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீடு செய்யப்பட்டு வாங்கும் முறை ஒன்று உண்டு. அதன் பெயர் பி.பி.டி. அதேபோல எஸ்.எல்.டி.என். என்று இன்னொன்று. பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்தில், கொஞ்சம் மட்டும் வகுப்பில். எனக்குச் சரியாகப் படுவது அந்த அளவுதான்.

பணத்தையும் பையன் தலையில் கட்ட வேண்டியதில்லை. பத்து உள்நாட்டுத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளி, சட்டத்துக்கு உட்பட்ட துறையாக இருந்தால், சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாக, கட்டுகிறார். அது தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான். நம் பிள்ளைகள் முதலாளியிடம் போய், “பாஸ், அந்த லெவிப் பணத்துல என்னை ஒரு வகுப்புக்கு அனுப்புங்க” என்று கேட்க வேண்டும். என்னை 2011-இல் அனுப்பியபோது நான் ஒரு காசு கொடுக்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

பயிற்சி நிலையத்துக்கே போவதானால், இந்தப் படிப்பு ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்றதா, எந்த நிலைச் சான்றிதழ், ஆறு மாதத்தில் எத்தனை மணி நேரம் மெஷின் கையில் இருக்கும், பெற்றோர்கள் இந்த மூன்றையாவது கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அக்கா மகன் கொண்டுவந்த தாளில் இருந்த நம்பருக்கு நான் போன் செய்து கேட்டேன். முதல் கேள்விக்கே அந்தப் பெண் “நேர்ல வாங்க, விளக்கறோம்” என்றாள்.

சான்றிதழால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, ஹோட்டல்கள் மூடின, எனக்கு வேலை போனது. சேமிப்பில் தண்ணீரைப் பாய்ச்சி உறிஞ்சும் மெஷின், ஒரு பழைய எக்ஸ்ட்ராக்டரை வாங்கிச் சொந்தமாகத் தொடங்கினேன். ஜாலான் அம்பாங்கில் ஓர் ஆபீஸ். நான்கு பேர் விலை கொடுத்திருந்தோம், என் விலைதான் அதிகம், சதுர அடிக்கு 55 காசு. அந்த நிர்வாகி என்னிடம் இருந்த சான்றிதழ்களைப் பார்த்தார், அப்புறம் அவர்களுடைய கம்பளம் கம்பளியா நைலானா என்று கேட்டார். லைட்டரை எடுத்தேன். வேலை எனக்குக் கிடைத்தது, இன்றைக்கும் வருஷம் இரண்டு தடவை போகிறேன். அமெரிக்காவில் சில கம்பள உற்பத்தியாளர்கள், சான்றிதழ் பெற்றவர் கழுவினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனையே வைத்திருக்கிறார்கள். இங்கே என்னிடம் அப்படிக் கேட்டவர் அந்த ஒருவர்தான்.

பயிற்சி கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழிலும் மலாயிலும் இரண்டு நாள் வகுப்பு ஒன்று வையுங்கள், ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கும் பெண்களுக்காக. நாற்பது, ஐம்பது வயசில், ராத்திரி வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் நம்மில் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வருவார்கள். என்னோடு இருக்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்குப் பாட்டிலில் இருப்பதை வாசிக்க முடியாது. அதனால் காரத்தன்மை உள்ளதற்கெல்லாம் சிவப்பு மூடி மாட்டியிருக்கிறேன், புளிப்புக்குப் பச்சை மூடி. சிவப்பு மூடியைக் காட்டி, “மஞ்சள் மேல இதை ஊத்துனா மூடி நிறத்துக்கு மாறிடும்” என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். இன்றுவரை தவறவில்லை.

அக்கா மகன் வருகிற திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் வேனில் ஏறுகிறான். சம்பளம் 1,700, பெர்கெசோ காப்புறுதியும் இ.பி.எப். சேமநிதியும் கட்டுவேன். ஆறு மாதம் கழித்து அவனை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்புகிறேன், கட்டணம் என்னுடையது. அத்தானிடம் போனில் சொல்லிவிட்டேன். அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. அவளுக்கு இந்தப் பக்கத்தை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்.